தை கடைசி என்று சொன்ன வக்கீல்

சென்னை உயர் நீதிமன்றத்தில் எழுபதுகளின் தொடக்கத்தில் அரசுத் தரப்பு வக்கீல்களுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: ஒருவாரக்காரர்கள். நீதிபதி எதைக் கேட்டாலும் துறையிடம் கேட்டுச் சொல்கிறேன், ஒரு வாரம் அவகாசம் வேண்டும் என்பார்கள். அடுத்த வாரமும் அதையே சொல்வார்கள். கோட்டைக்குக் கலெக்டர் ஆபீஸிலிருந்து பதில் வர வேண்டும், கலெக்டர் ஆபீஸுக்குத் தாலுகாவிலிருந்து வர வேண்டும், தாலுகாவில் யாரோ விடுப்பில் இருப்பார்கள். சலித்துப்போன நீதிபதிகள் பல சமயம் அரசின் பதிலுக்குக் காத்திராமலே தடை உத்தரவு போட்டுவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொல்லிவிடுவார்கள். இதனால் தோற்கக் கூடாத வழக்குகளிலும் அரசு தோற்றது.

லூர்துராஜ் அந்தக் கூட்டத்தில் சேராதவர். நீடாமங்கலத்துக்குத் தெற்கே வெண்ணாற்றங்கரைக் கிராமம் ஒன்றில், குத்தகை நிலம் உழுத கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். பாதிரிமார் பள்ளி, திருச்சியில் கல்லூரி, சென்னையில் சட்டம். கல்லூரி நாட்களில் கட்சி மேடைகளில் நன்றாகப் பேசினார். கட்சி ஆட்சிக்கு வந்தபோது, மேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர்கள் பதவிகளுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் சொல்லித்தான் இவர் உதவி அரசு வக்கீல் ஆனார். அதை அவர் மறைத்ததில்லை. ஆட்சி மாறினால் அங்கி மட்டும்தான் மிஞ்சும், நாற்காலி மிஞ்சாது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

வேலையில் அவருக்கென்று ஒரு வழி இருந்தது. மறுநாள் வழக்குகளின் கோப்புகளை எடுத்துக்கொண்டு முந்தின நாள் மாலையே கோட்டைக்கு நடந்து போவார். சம்பந்தப்பட்ட பிரிவில் குமாஸ்தாவின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். பதில் கிடைக்கும் வரை எழுந்திருக்க மாட்டார். அவர் தொல்லை தாங்காமல் டிரங்க் கால் போட்டாவது கேட்டுச் சொல்லிவிடுவார்கள். ஆகவே கோர்ட்டில் அவரிடம் பதில் இருந்தது. கேட்டால் சொன்னார். சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்தது.

நில வழக்குகளை விசாரித்த நீதிபதி ஒருவர் இதைக் கவனித்துவிட்டார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். அரசு வக்கீல் எழுந்து எதையாவது சொன்னால் அவர் ஒரே கேள்வி கேட்பார்: “துறை சொல்கிறதா, நீங்கள் சொல்கிறீர்களா?” துறை சொல்கிறது என்றால், அதைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யுங்கள் என்பார். எல்லோரும் அதை அபிடவிட் என்றுதான் சொன்னார்கள். அதற்கு வாரங்கள் ஆகும். நானே சொல்கிறேன் என்று வக்கீல் பொறுப்பேற்றால், ஆளைப் பார்த்து முடிவு செய்வார். லூர்துராஜ் அப்படிச் சொன்னால் நீதிபதி அதை அப்படியே உத்தரவில் எழுதச் சொல்லிவிடுவார். அபிடவிட் இல்லை, அவகாசம் இல்லை. வேறு எந்த அரசு வக்கீலுக்கும் அந்த அறையில் இந்தச் சலுகை கிடையாது.

சேந்தங்கரை வழக்கு அந்த நீதிபதியிடம்தான் வந்தது.

சேந்தங்கரை, நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் சாலையோரம் இருக்கும் ஊர். அங்கே ஒரு மிராசுதாரின் நிலத்தில் பெரும்பகுதி, உச்சவரம்புச் சட்டத்தின்படி உபரி என்று அரசுக்கு வந்துவிட்டது. அதில் சாலையை ஒட்டிய வயல்களைச் சில கூலிக் குடும்பங்கள் வாய்மொழிக் குத்தகையில் நெடுங்காலமாகப் பயிர் செய்துவந்தன. அந்த இடத்தில் அரசு நெல் கிடங்கு கட்ட விரும்பியது. குடும்பங்களுக்கு வாய்க்காலுக்கு அப்பால், அதே மிராசுதாரின் உபரி நிலத்தில் மாற்று இடம் தருவதாகச் சொன்னார்கள். குடும்பங்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டன. ஆனால் வயலில் பயிர் நின்றது. தாலுகா ஆட்கள் அளவுக் கல்லோடு வந்து, மார்கழியில் மண்ணடிக்கத் தொடங்குவோம் என்றார்கள். விவசாயத் தொழிலாளர் சங்கம் சென்னையில் ஒரு வக்கீலைப் பிடித்து மனுப் போட்டது.

கார்த்திகையில் விசாரணை. நீதிபதி மனுவைப் புரட்டிவிட்டு, நிலத்தைப் பற்றிச் சண்டை இல்லை, பயிரைப் பற்றித்தான் சண்டை என்று புரிந்துகொண்டார். அறுவடை எப்போது என்று கேட்டார். சங்கத்து வக்கீல் சென்னைக்காரர். அவர் தாளைப் புரட்டத் தொடங்கினார். லூர்துராஜ் எழுந்தார். சேந்தங்கரை என் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்றார். அது ஒருபோக ஊர், வாய்க்கால் தண்ணீர் தாமதமாகத்தான் ஏறும், சம்பா மட்டும்தான் போடுவார்கள், தை கடைசிக்குள் நெல் களம் சேர்ந்துவிடும், அதுவரை அரசு காத்திருக்கும் என்றார்.

“துறை சொல்கிறதா, நீங்கள் சொல்கிறீர்களா?”

“காத்திருக்க ஒப்புக்கொண்டது துறை. அறுவடையை நான் சொல்கிறேன்.”

நீதிபதி லேசாகச் சிரித்தார். எங்கள் பக்கத்து மஞ்சளாக இருந்தால் எனக்குத் தெரியும், நெல் உங்கள் பயிர் என்றார். தை கடைசி வரை பயிரைத் தொடக் கூடாது என்று உத்தரவு எழுதச் சொல்லிவிட்டு மனுவை முடித்துவைத்தார். இதெல்லாம் ஒரு காபி குடிக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. கோட்டையில் அன்று மாலை லூர்துராஜுக்கு நல்ல பெயர்.

பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போனார். மறுநாள் மன்னார்குடியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் பஸ்ஸில் கிளம்பினார். சாலையின் இருபுறமும் சம்பா அறுவடை. கட்டுகள் தலையில் போய்க்கொண்டிருந்தன, சில வயல்கள் மொட்டையாகிவிட்டன. சேந்தங்கரை வந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தார். மஞ்சளுக்கு நடுவே ஒரு துண்டு மட்டும் கரும்பச்சையாக நின்றது. அளவுக் கல்லில் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். எந்த வயல் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினார். வரப்பில் ஏறிப் பார்த்தபோதே விஷயம் தெரிந்துவிட்டது. நெல் பொதி கட்டியிருந்தது; கதிரே வெளியே வரவில்லை. இது சம்பா இல்லை, குறுவை அறுத்த வயலில் நட்ட தாளடி. மாசி கடைசிக்கு முன் அரிவாள் வைக்க முடியாது. வயலின் மூலையில் ஒரு டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆழ்குழாய். அவர் இந்த ஊரைப் பார்த்த காலத்தில் அது இல்லை. வாய்க்காலை நம்பி ஒருபோகம் செய்த ஊரைத்தான் அவருக்குத் தெரியும். குழாய் போட்டபின் இந்தக் குடும்பங்கள் வாய்க்காலுக்குக் காத்திராமல் இரண்டு போகம் எடுக்கத் தொடங்கியிருந்தன.

எஞ்சினருகே இருந்தவர் வீரையன். மனுவில் முதல் பெயர் அவருடையது. சற்றுத் தள்ளி வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தவர் காத்தாயி, இரண்டாவது பெயர். இவர்களுடைய அப்பன்மார் சட்டை போட்டவரைப் பார்த்தால் சாமி என்று துண்டை இடுப்பில் கட்டியிருப்பார்கள். இவர்கள் சங்கத்துக்காரர்கள், சார் என்றார்கள். லூர்துராஜ் தன் பெயரைச் சொன்னார்.

காத்தாயி நிமிர்ந்து பார்த்தார். “நீங்கதானா அது? எங்க நெல்லுக்கு நாள் குறிச்ச ஜோசியரு.”

“சும்மா இரு காத்தாயி. சார் நம்ம பக்கத்து ஆளு” என்றார் வீரையன்.

“பக்கத்து ஆளுன்னா ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாம்ல. மெட்ராஸ்ல நின்னுக்கிட்டு தை கடைசின்னு சொல்லிட்டாரு. பயிருக்கு அது தெரியல பாருங்க, இன்னும் வயித்துல வச்சிக்கிட்டு நிக்குது.”

லூர்துராஜ், உங்கள் வக்கீலிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பிறகு சொன்னோம், தை கடைசி என்று பேசியதே உத்தரவு வந்தபிறகுதான் எங்களுக்குத் தெரியும் என்றார் வீரையன். வேறு மனுப் போடலாம் என்று சங்கத்தில் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் போடவில்லை. இந்த நெல்தான் இந்த வருஷச் சாப்பாடு என்பதை அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். தை கடைசிக்கு இன்னும் நாலு வாரம்கூட இல்லை.

மன்னார்குடி சொந்தக்காரர் வீட்டுக்கு லூர்துராஜ் அன்று போகவில்லை. நிலமெடுப்புத் தனித் தாசில்தாரைத் தேடிப்போனார். அவர் பெயர் அரசப்பன். மரியாதையானவர், நாற்காலியைத் துடைத்துப் போட்டு டீ வரவழைத்தார். விஷயத்தைக் கேட்டு அவர் கொஞ்சமும் திடுக்கிடவில்லை.

“தாளடின்னு எங்களுக்குத் தெரியும் சார்.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?”

“நீங்க தை கடைசின்னு சொன்னீங்க. கோர்ட்டும் தை கடைசின்னு எழுதிடுச்சு. அதுக்கு ஒரு நாள் முன்னாடி நாங்க வயல்ல கால் வைக்க மாட்டோம். மாசி பொறந்ததும் எறங்குவோம். மந்திரி கல்லு நாட்டத் தேதி குடுத்தாச்சு. உங்க வார்த்தையைத்தானே சார் நாங்க காப்பாத்துறோம்.”

லூர்துராஜ் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

சென்னைக்குத் திரும்பியதும் தலைமை அரசு வக்கீல் இராஜாங்கத்திடம் போனார். கோர்ட்டில் எல்லோரும் அவரை ஜி.பி. என்பார்கள். ஆட்சிகள் மாறுவதைப் பார்த்தவர், நிதானமானவர். அவர் ஒரு சுலபமான வழி சொன்னார். சங்கத்து வக்கீலைக் கூப்பிட்டு இன்னொரு மனுப் போடச் சொல், நாம் எதிர்க்க வேண்டாம், நீதிபதி தேதியை நீட்டிக்கொடுப்பார், யாருக்கும் காயமில்லை.

லூர்துராஜ் அதை வழியிலேயே யோசித்திருந்தார். அப்படிப் போட்டால் நீதிபதி முதலில் கேட்பது, அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்பதுதான். அரசு வக்கீல் சம்பா என்றபோது வாய் திறக்காதவர்கள் இப்போது தாளடி என்கிறார்கள் என்று அவர்கள் மேல்தான் சந்தேகம் விழும். நீதிபதி நம்புவது லூர்துராஜை. இவரோ சும்மா உட்கார்ந்திருப்பார்.

“தப்பு என்னுது. பழி அவங்க மேல போகும் சார்.”

“உன்னை இந்த எடத்துல போட்டவங்களுக்கு என்ன பதில் சொல்லுவே? கல்லு நாட்டுறது மந்திரி.”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சா சரி. நான் இதைக் கேக்கல, நீ சொல்லவும் இல்ல” என்று இராஜாங்கம் கோப்பு ஒன்றை எடுத்து விரித்துக்கொண்டார். அது தடையா சம்மதமா என்று லூர்துராஜுக்குப் புரியவில்லை. சம்மதம் என்று வைத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி மரியபுஷ்பம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். புரசைவாக்கத்தில் ஆசிரியை. சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே முழுக்கதையையும் கேட்டார். வேலை போனாலும் போகலாம் என்று லூர்துராஜ் இழுத்தார்.

“பாவசங்கீர்த்தனம்னா சாமியார் காதோட போயிடும். ஜட்ஜ்கிட்ட சொன்னா பேப்பர்ல வரும். அதானே உங்க பயம்?”

“அதேதான்.”

“என் சம்பளம் இருக்குல்ல. போய்ச் சொல்லிட்டு வாங்க” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

காலையில் நீதிபதி வந்து உட்கார்ந்ததும், பட்டியலில் இல்லாத அவசர விஷயங்களை எழுந்து சொல்ல வக்கீல்களுக்குச் சில நிமிடம் உண்டு. வழக்கமாக அது தடை கேட்பவர்களின் நேரம். அரசு வக்கீல் எழுந்தால் அவகாசம் கேட்கத்தான் என்று அர்த்தம். அன்று லூர்துராஜ் எழுந்தபோது பக்கத்திலிருந்த ஒருவர், ஒருவாரமா என்று காதில் கேட்டார். சங்கத்து வக்கீலுக்கு முன்னமே சொல்லி வரவழைத்திருந்தார். எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை.

சேந்தங்கரை வழக்கில் நான் கோர்ட்டுக்குச் சொன்னது தவறு என்று தொடங்கினார். அது சம்பா இல்லை, தாளடி. அறுவடை தை கடைசியில் முடியாது. என் வார்த்தையை நம்பித்தான் தேதி வைக்கப்பட்டது. அந்தத் தேதியை மாற்றாமல் விட்டுவிட்டால் பயிர் பச்சையாக அழியும்.

சங்கத்து வக்கீல் உற்சாகமாக எழுந்தார். நீதிபதி கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“அன்றைக்கு நீங்கள் யாரையும் கேட்கவில்லையா?”

“இல்லை.”

“ஏன்?”

“எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.”

அறையில் யாரோ இருமினார்கள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். இப்போது மாசி கடைசி என்பது யார் சொல்வது என்று கேட்டார். வயலில் இறங்கிப் பார்த்தேன், நான் சொல்கிறேன் என்றார் லூர்துராஜ்.

“இந்த முறை அபிடவிட்டில் சொல்லுங்கள்.”

அது அடி. அந்த அறையில் லூர்துராஜுக்கு இருந்த சலுகை அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. ஆனால் உத்தரவு சரியாக வந்தது. நீதிபதி இந்த முறை மாதம் எதையும் எழுதவில்லை. அறுவடை முடியும்வரை வயலைத் தொடக் கூடாது என்று எழுதினார்.

தாளடி மாசி கடைசியில் அறுவடையானது. மந்திரி பங்குனியில் வந்து கல் நாட்டினார். வளைவுகளும் ஒலிபெருக்கியும் கொடிகளும் முன்பே பேசிவைத்தவைதான். தேதி மட்டும் மாறியது. யாருக்கும் எதுவும் குறையவில்லை. குடும்பங்கள் சொன்ன சொல் தவறாமல் பழைய வயலை விட்டு வாய்க்காலுக்கு அப்பால் போயின.

ஆனால் துறை மறக்கவில்லை. நம் வக்கீலே நமக்கு எதிராகப் பேசினால் எதற்கு வக்கீல் என்று கோட்டையிலிருந்து ஜி.பி.க்குக் கேள்வி வந்தது. இராஜாங்கம் லூர்துராஜை நில வழக்குகளிலிருந்து மாற்றி, பஸ் விபத்து நஷ்டஈட்டு வழக்குகளைக் கொடுத்தார். மாற்றுவதற்கு முன் இருந்த வாரங்களிலும் அந்த நீதிபதி எதற்கெடுத்தாலும் அவரிடம் அபிடவிட் கேட்டார். மழை பெய்தது என்றாலும் அபிடவிட் கேட்பார் போலிருந்தது. நீதிமன்றத் தாழ்வாரத்தில் அவருக்குப் புதுப் பெயர் வந்தது: தாளடி லூர்து. என்ன தாளடி, இன்னிக்கு எத்தனை போகம் என்று கேண்டீனில் கேட்பார்கள். அவர் அதற்கும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சிரிக்கவில்லை என்பது மரியபுஷ்பத்துக்கு மட்டும் தெரியும்.

சித்திரையில், கோடை விடுமுறைக்கு நீதிமன்றம் மூடப்போகும் நேரத்தில், மிராசுதார் ஒரு மனுப் போட்டார். வாய்க்காலுக்கு அப்பாலுள்ள நிலம் இன்னும் என் அனுபவத்தில்தான் இருக்கிறது, என் உளுந்து நிற்கிறது, அரசு கையகப்படுத்தவே இல்லை, யாருக்கும் கொடுக்கக் கூடாதென்று தடை வேண்டும் என்றார். தடை கிடைத்தால் சேந்தங்கரைக் குடும்பங்களுக்குப் பழைய வயலும் இல்லை, புதிய வயலும் இல்லை. விடுமுறை முடிந்து விசாரணை வருவதற்குள் குறுவை நாற்றுக்கான பருவம் போய்விடும்.

அரசுக்காக நின்றவர் வேறொரு வக்கீல். நிலம் முழுவதும் கையகப்படுத்தப்பட்டு ஒப்படைக்கப்பட்டுவிட்டது என்று துறைக் குறிப்பை வாசித்தார். நீதிபதி வழக்கமான கேள்வியைக் கேட்டார். துறை சொல்கிறது என்றார் அவர். அபிடவிட் எங்கே? ஒரு வாரம் வேண்டும். நாளை மறுநாள் கோர்ட் மூடுகிறது. மிராசுதாரின் மூத்த வக்கீல் அங்கியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தடை கிடைத்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

நீதிபதி ஊர்ப் பெயரை இன்னொரு தடவை பார்த்தார்.

“சேந்தங்கரை. தப்புச் சொல்லிவிட்டேன் என்று வந்து நின்றாரே ஒருவர், அவர் எங்கே?”

இராஜாங்கம் முன்வரிசையில் இருந்தார். அவர் ஆளனுப்பினார். அடுத்த அறையில் உடைந்த முழங்காலுக்கு எவ்வளவு தரலாம் என்று வாதாடிக்கொண்டிருந்த லூர்துராஜ் அதை அப்படியே விட்டுவிட்டு வந்தார். கோப்பைக் கையில் திணித்தார்கள். நின்றபடியே படித்தார். படித்து முடித்ததும் நீதிபதி கேட்டார், துறை சொல்கிறதா, நீங்கள் சொல்கிறீர்களா?

“துறை சொல்கிறது. நான் பார்க்கவில்லை. அவகாசம் கொடுத்தால் போய்ப் பார்த்துவிட்டு, கோர்ட் மூடுவதற்குள் வந்து சொல்கிறேன்.”

மூத்த வக்கீல் எழுந்தார். அரசு வக்கீல் வயலுக்குப் போய்ப் பார்ப்பது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார். உங்கள் கட்சிக்காரரும் கூடவே நின்று பார்க்கட்டும், ஒருவர் பார்த்ததை மற்றவர் மறுக்கட்டும் என்றார் நீதிபதி. அதுவரை தடை இல்லை.

அன்றைய ரயிலையே பிடித்துப் போனார் லூர்துராஜ். அரசப்பன் வரப்பில் காத்திருந்தார். மிராசுதாரின் காரியஸ்தர் மருதையன் குடையோடு வந்திருந்தார். வீரையனும் காத்தாயியும் மற்றக் குடும்பத்தாரும் புதிய வயலில் நின்றார்கள். பெரும்பகுதியில் கோடை உழவு முடிந்திருந்தது. எரு கொட்டியிருந்தார்கள், வரப்பு வெட்டியிருந்தார்கள். ஆனால் கிழக்கோரத்தில் ஒரு துண்டில் மிராசுதாரின் உளுந்து காய்த்து நின்றது. ஆக, முழுவதும் ஒப்படைத்தாயிற்று என்று துறை எழுதியது பொய். எதையும் ஒப்படைக்கவில்லை என்று மிராசுதார் எழுதியதும் பொய்.

அரசப்பன் அவரைத் தனியே அழைத்துப்போனார். அந்தத் துண்டைப் பற்றி வாய் திறக்க வேண்டாம், சில நாளில் பறித்துவிடுவார்கள், பிறகு யார் கேட்கப்போகிறார்கள் என்றார். காத்தாயிக்கும் அதே எண்ணம். அவர் தனியே அழைக்காமல் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

“நல்லதை மட்டும் சொல்லுங்க சார். அந்த உளுந்தைச் சொன்னீங்கன்னா, மொத்தத்துக்கும் தடை போட்டுடுவாரு.”

“அதை மறைச்சா, நீங்க உழுததையும் அவரு நம்ப மாட்டாரும்மா.”

“நம்பாம போனா?”

திரும்பும் ரயிலில் வழிநெடுக லூர்துராஜ் அந்தக் கேள்வியைத்தான் யோசித்துக்கொண்டு வந்தார். வீரையனும் அதே ரயிலில், வேறு பெட்டியில் வந்தார். முடிவைக் காதால் கேட்காமல் ஊரில் இருக்க அவரால் முடியவில்லை.

கோர்ட்டின் கடைசி நாள். லூர்துராஜ் பார்த்ததைச் சொன்னார். உழுத வயல், கொட்டிய எரு, புது வரப்பு. பிறகு ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, கிழக்கோரத் துண்டில் மனுதாரரின் உளுந்து நிற்கிறது, அந்த இடத்தை அரசு இன்னும் எடுக்கவில்லை, துறைக் குறிப்பு அந்த அளவில் தவறு என்றார். அவருக்குப் பின்னால் இராஜாங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மூத்த வக்கீல் மறுக்க எழுந்தார். உழவே நடக்கவில்லை என்று தொடங்கினார். பின்வரிசையிலிருந்த மருதையன் எட்டி அவர் அங்கியைப் பிடித்து இழுத்து எதையோ முணுமுணுத்தார். உளுந்தை மறைக்காமல் சொன்னவரை, உழவில் பொய்யர் என்று எப்படிச் சொல்வது என்பதுதான் அந்த முணுமுணுப்பின் சாரம் என்று பிறகு தெரிந்தது. மூத்த வக்கீல் உட்கார்ந்தார்.

நீதிபதி அபிடவிட் கேட்கவில்லை. உளுந்து நிற்கும் துண்டை, பறித்து முடிக்கும்வரை மனுதாரர் வைத்துக்கொள்ளலாம். மற்ற நிலத்துக்குத் தடை கிடையாது. அரசு வக்கீல் நேரில் பார்த்துச் சொன்னது பதிவு செய்யப்படுகிறது என்று எழுதச் சொன்னார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

தாழ்வாரத்தில் இராஜாங்கம் அவரை நிறுத்தினார். ஜூனில் கோர்ட் திறந்ததும் நில வழக்குகளை எடுத்துக்கொள் என்றார். கோட்டையில் கேட்பார்களே என்றார் லூர்துராஜ்.

“கேட்டா, ஜெயிக்கணுமா வேணாமான்னு திருப்பிக் கேக்கறேன். தப்பே சொல்லாத வக்கீல் எந்த ஜட்ஜுக்கும் கெடைக்க மாட்டான். தப்புன்னா வந்து சொல்றவன் கெடைச்சா விடுவாரா?”

அந்த ஆட்சி இருந்தவரை லூர்துராஜ் நில வழக்குகளில்தான் இருந்தார். அரசப்பனும் மாறினார். அது லூர்துராஜ் மேல் வந்த அன்பால் அல்ல. கோர்ட்டில் தன் குறிப்பு தவறு என்று இன்னொரு தடவை வாசிக்கப்படுவதை அவர் விரும்பவில்லை. பதில் எழுதுவதற்கு முன் வயலுக்கு ஆளனுப்பிப் பார்க்கத் தொடங்கினார். அதனால் அரசு ஜெயிக்க வேண்டிய வழக்குகளில் ஜெயித்தது. தோற்க வேண்டியவற்றைக் கோர்ட்டுக்கு வராமலே முடித்துக்கொண்டது.

உளுந்து வழக்கில் உத்தரவு வந்த அன்று வீரையன் வெளிப்படியில் காத்திருந்தார். உள்ளே ஆங்கிலத்தில் நடந்தது அவருக்கு விளங்கவில்லை. சங்கத்து வக்கீல் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். எங்கள் வக்கீலைவிட நீங்கள்தான் எங்களுக்கு வக்கீல் மாதிரி என்று தொடங்கினார். லூர்துராஜ் குறுக்கிட்டார்.

“அப்படி நெனச்சுக்காதீங்க வீரையன். நான் அரசாங்கத்து வக்கீல். நாளைக்கே உங்களுக்கு எதிரா நிக்க வேண்டியிருக்கும்.”

வீரையன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“நில்லுங்க சார். வந்து பாத்துட்டு நில்லுங்க.”

டீ வாங்கித் தருகிறேன் என்று லூர்துராஜ் கூப்பிட்டதற்கு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றார். விதை நெல்லை ஊறப்போடுவதற்குள் நாற்றங்காலைச் சரிசெய்ய வேண்டும். மேட்டூர் திறக்கும்வரை காத்திருக்கப் போவதில்லை, புது வயலிலும் ஒரு குழாய் இறக்கப் பேசியிருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனார்.